ஆவடிக்கு அடுத்த நிலையம்

1

போன வருடம் இதே ஜூன் மாதத்தில், இதே போல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, நெதர்லாந்தின் ஒரு சின்ன ஊரில் இந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டு, அம்பத்தூரில் இருந்த ஒரு டிஸ்கை அழித்தேன். அழிக்கக் கூடாத டிஸ்க் அது. அதற்காக வேலை போனது எனக்கு அல்ல, செல்வத்துக்கு.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள் என்று தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஊரை நினைத்து உருகுகிற கட்டுரை அல்ல. உருகுகிற யோக்கியதையை நான் தொலைத்துவிட்டேன். பதிமூன்று வருடமாகக் குளிர், ரொட்டி, மழை என்று எழுதி உங்களிடம் பரிதாபம் சம்பாதித்தவன், இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் டபாய்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எப்போதும் எழுத மாட்டேன்.

மேசை மேல் நகராட்சியின் அழைப்பிதழ் கிடக்கிறது. அடுத்த வாரம் எங்களுக்குக் குடியுரிமை விழா. எல்லார் முன்னாலும் நின்று ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டுமாம். என் மனைவி சுமதி அதற்கென்று பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். நான் அழைப்பிதழைக் கவிழ்த்து வைக்கிறேன். அவள் வந்து நிமிர்த்தி வைக்கிறாள். காலையிலிருந்து எங்கள் வீட்டில் நடக்கிற ஒரே பேச்சுவார்த்தை இதுதான்.

2

என் வேலையைச் சொன்னால்தான் நான் செய்தது புரியும்.

ஆளுயர பீரோ ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே துணிக்குப் பதில் வரிசை வரிசையாக டிஸ்குகள். எங்கள் பெட்டியில் நாற்பது. அவற்றை ஐந்தைந்தாகச் சேர்த்து எட்டுப் பங்காக்கி வைத்திருந்தோம். ஒவ்வொரு பங்குக்கும் விர்ச்சுவல் டிஸ்க் என்று பெயர். காட்டுப்பாக்கத்தில் ஒரே மனையில் எட்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுகிறார்களே, அந்தக் கதைதான். குடியிருக்கிற சர்வருக்குத் தன் போர்ஷன் மட்டும்தான் தெரியும். சுவரை எங்கே எழுப்புவது, எங்கே இடிப்பது என்பதெல்லாம் பக்கத்தில் இருக்கிற ஒரு யூனிக்ஸ் சர்வரிலிருந்து கட்டளை அடித்துச் செய்வது. அந்தக் கட்டளையை அடிக்கிறவன் நான்.

இதில் ஒரு கேலிக்கூத்து இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த கம்பெனியில் வேலை பார்த்தவனை, பெரிய வேலை என்று சொல்லி இங்கே அனுப்பினார்கள். ஐந்து வருடம் கழித்து என் பொறுப்பில் புதிதாக ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அதே அம்பத்தூர் எஸ்டேட், அதே கட்டடம், இரண்டாம் மாடி. நான் ஏறி இறங்கிய படிக்கட்டுக்கு மேலே நிற்கிற பெட்டியை, எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து தொட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்டி பக்கத்தில் கை கால் வேண்டுமே, அதற்குத்தான் செல்வம். நெமிலிச்சேரி அவனுக்குச் சொந்த ஊர். அப்பாவும் பெரியப்பாவும் நெல் போட்ட நிலத்தில் இப்போது எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அதில் ஒன்றில்தான் நான் குடியிருந்தேன். ஆறு வருடம் இரண்டு பேரும் நெமிலிச்சேரியில் ஏறி அம்பத்தூரில் இறங்கினோம். நான் டீம் லீடர் ஆனதும் எல்லாரும் ‘சார்’ போட ஆரம்பித்தார்கள். செல்வம் மட்டும் மீட்டிங்கிலேயே “மாமே, அந்த கேபிள இப்டி தள்ளு” என்பான். மேனேஜர் முறைத்தால், “ரயில்ல மாமே, இங்க வந்தா சாரா? நல்லா கீதே நாயம்!” என்று சிரிப்பான்.

பெட்டியை அமைத்த அன்று போர்ஷன்களுக்குப் பெயர் வேண்டும் என்றேன். ஃபோனில் அவன்தான் சொன்னான்.

“ஒண்ணு, ரெண்டுன்னு வெச்சா கொழப்பம் மாமே. நம்ம ரயில்வே ஸ்டேஷன் பேர வெச்சுடு. அம்பத்தூர்லேர்ந்து ஆரம்பிச்சா திருநின்றவூரோட எட்டு கரெக்டா வருது. உனக்கும் மறக்காது, எனக்கும் மறக்காது.”

சர்வரில் எண் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் கீழே ஸ்டேஷன் பெயரைத் தமிழில் எழுதி, மேலே செல்லோ டேப் போட்டு ஒட்டினான். ஒரு போர்ஷனை இடிப்பதற்கு முன்னால் அதன் விளக்குகளை நான் இங்கிருந்து சிமிட்ட வைப்பேன். எந்த ஸ்டேஷன் சிமிட்டுகிறது என்று அவன் பார்த்துச் சொல்வான். பிறகு அந்த வேலைக்கான கணினிப் பதிவில், டிக்கெட் என்போம், ‘ஓகே’ என்று அடிப்பான். அதன் பிறகுதான் நான் கை வைப்பேன். ஏழு வருடத்தில் ஒரு தவறு நடந்ததில்லை.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை இடிக்க வேண்டியது நெமிலிச்சேரியை. காலியாக இருந்த போர்ஷன் அது. பழைய சர்வர் ஒன்று அதில் இருந்தது, போய்விட்டது. அந்த ஐந்து டிஸ்குகளை விடுவித்து வேறு இடத்துக்குக் கொடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. எந்த எண் என்று பார்க்க ஓர் ஆவணம் இருந்தது. நான் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? என் ஊர் ரயில் பாதை எனக்குத் தெரியாதா? அந்தத் திமிர்தான்.

மனதுக்குள் எண்ணினேன். ஆறு என்று வந்தது. ஆறாவது போர்ஷனைச் சிமிட்ட வைத்தேன். அம்பத்தூரில் அப்போது மதியம் பன்னிரண்டு. ஃபோனில் ஏசி இரைச்சலுக்கு நடுவே செல்வம் கத்தினான்.

“மாமே, பட்டாபிராம் எரியுது!”

“நெமிலிச்சேரிடா.”

“இல்ல மாமே. பட்டாபிராம்தான் சிமிட்டிகினு கீது. நெமிலிச்சேரி சொம்மா கீது.”

“லேபிளைத் தப்பா ஒட்டியிருப்பே. நான் எண்ணிட்டேன். அம்பத்தூர் ஒண்ணு, திருமுல்லைவாயில் ரெண்டு, அண்ணனூர் மூணு, ஆவடி நாலு, பட்டாபிராம் அஞ்சு, நெமிலிச்சேரி ஆறு. சரியா?”



“இன்னாமோ ஒண்ணு வுட்ட மாதிரி கீது மாமே. இரு, நானும் ஒரு தபா எண்ணிக்கிறேன்.”

“ஒண்ணும் விடலை. எனக்கு ஒன்பதரைக்குப் பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும். ஓகே போடு செல்வம்.”

“நெசமாத்தான் சொல்றியா?”

“யாரு டிசைன் பண்ணினது, நீயா நானா?”

இந்த வாக்கியத்தைச் சொன்னது என் வாய்தான். எழுதும்போது கை கூசுகிறது.

“சரி மாமே. நீ சொன்னா சரி,” என்றான். திரையில் ‘ஓகே, செல்வம்’ என்று வந்தது.

அழி என்று அடித்தேன். இந்த டிஸ்கை வேறொரு சர்வர் பயன்படுத்துவது போலத் தெரிகிறது, நிச்சயமாக அழிக்கவா என்று இயந்திரம் கேட்டது. பழைய சர்வர்கள் போன பிறகும் அந்த எச்சரிக்கை எப்போதும் வரும். வழக்கம்போல ஆமாம் என்று அடித்தேன். மனிதன் ஒரு முறை கேட்டான், இயந்திரம் ஒரு முறை கேட்டது. இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன்.

பட்டாபிராமில் ஒரு ஸ்கேன் சென்டரின் படங்கள் இருந்தன. கடைசியாக நகல் எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளில் படுத்து, மூச்சைப் பிடித்து, பயந்துகொண்டே படம் எடுத்துக்கொண்டவர்களை எல்லாம் மறுபடி கூப்பிட்டார்கள். முடிந்தவர்கள் வந்தார்கள்.

4

என் மகள் ஆதிரைக்கு அப்போது பதினாறு வயது. இங்கே வரும்போது மூன்று. தமிழ் புரியும், பதில் டச்சில் வரும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் தமிழ், கோபம் வந்தால் டச்சு. நண்பர்களிடம் தன்னை ‘ஆதி’ என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் டச்சின் லட்சணம் அப்படி. குடியுரிமை அலுவலகத்தில் இருக்கிற வயதான அம்மாளை மூன்று வருடமாக ‘நீ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கேயும் ‘நீ’, ‘நீங்கள்’ உண்டு. அந்த அம்மாள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஆதிரைதான் ஒரு நாள் கூட வந்து கேட்டுவிட்டு, வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்குத் தமிழில் தடங்கல் இல்லாமல் வருகிற ஒரே விஷயம் ஸ்டேஷன் பெயர்கள். ஆறு வயதில் தூங்க வைக்கும்போது நான் சொல்லிக் கொடுத்தது. தொட்டில் பாட்டு எனக்குத் தெரியாது. ரயில் போகிற தாளத்தில் பெயர்களைச் சொல்லித் தட்டிக்கொடுப்பேன். ஆவடி வருவதற்குள் தூங்கிவிடுவாள்.

அன்று சாயங்காலம் ஃபோன் மேல் ஃபோன் வந்து, பட்டாபிராம் போய்விட்டது என்று உறுதியான பிறகு, நான் சோபாவில் உட்கார்ந்து “அவன் தப்பா ஒட்டியிருக்கான், அவன் தப்பா ஒட்டியிருக்கான்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். ஆதிரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னை எப்படித் தேற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம். என் முழங்கையைத் தட்டிக்கொண்டே அந்தப் பாட்டை ஆரம்பித்தாள். அம்பத்தூர், திருமுல்லைவாயில் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினாள். திருநின்றவூர் வந்து நிறுத்தினாள்.

ஏழு விரல் மடங்கியிருந்தது.

பெட்டியில் இருந்தவை எட்டு.

“மறுபடி சொல்லும்மா.”

மறுபடி சொன்னாள். ஆவடி, பட்டாபிராம். மறுபடியும் ஏழு. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே ஒரு நிலையம் இருக்கிறது. இந்து கல்லூரி. ஆறு வருடம், போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தவன் நான். அங்கே கூட்டம் ஏறும்போதெல்லாம் செல்வம் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வான். அதை எப்போது தொலைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதே தொலைத்துவிட்டிருக்கிறேன். பத்து வருடமாக என் மகள் ஒரு நிலையம் இல்லாத ஊரைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஆவடிக்கு அப்புறம் இந்து கல்லூரிம்மா,” என்றேன்.

“நீங்கதானே இப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க,” என்றாள் தமிழில்.

5

திங்கட்கிழமை அறிக்கை எழுதச் சொன்னார்கள். யார் என்ன செய்தார்கள், எந்த நேரத்தில், எந்த வரிசையில்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நியாயப்படுத்துவதற்காக அல்ல. குடியுரிமை மனு பாதி வழியில் நின்றது. பிறந்த ஊர் அம்பத்தூர் என்று ஒரு சான்றிதழ், சென்னை என்று பாஸ்போர்ட். அவர்கள் கணினியில் அம்பத்தூர் என்று ஓர் ஊரே இல்லை. அதற்கு ஒரு விளக்கக் கடிதம், அந்தக் கடிதத்துக்கு மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்புக்கு முத்திரை என்று எட்டு மாதம் போயிருந்தது. வேலை ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. அது புதுப்பிக்கப்படாவிட்டால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் மனு இல்லை. ஆதிரை பள்ளியின் கடைசி வருடத்துக்குப் போகிறாள். இங்கே வளர்ந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் எங்கே சேர்ப்பது என்று சுமதி கேட்டாள்.

ஃபோனில் பேசியது பதிவாகவில்லை. டிக்கெட்டில் இருந்தது அந்த ‘ஓகே’ மட்டும்தான். நான் நாலு பக்கம் எழுதினேன். அதில் முக்கியமான வரி இது: ‘அழிக்கும் முன், நேரில் இருந்த ஊழியரின் உறுதி பெறப்பட்டது.’

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துப் பாருங்கள். அயோக்கியத்தனம் பண்ணுவதற்குப் பொய் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை செல்வத்திடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் லாரி ஹாரன் சத்தம்.

“மாமே, கேட்ல நிக்கிறேன். பாஸு வேல செய்யல. செக்யூரிட்டி உள்ள வுட மாட்றான், லிஸ்ட்ல பேர் இல்லேன்றான். இன்னா ஏதுன்னு கொஞ்சம் கேட்டு சொல்லேன்.”

எனக்குத் தெரியும் என்ன ஏதென்று. ‘விசாரிக்கிறேன்’ என்று இரண்டு கட்டை விரலாலும் தட்டி அனுப்பினேன். அதற்கு அப்புறம் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

6

இந்த மார்ச்சில் குடியுரிமை முடிவு வந்தது. அதற்கு மறுநாள் நான் கம்பெனிக்கு எழுதினேன். செல்வம் சரியாகத்தான் சொன்னான், லேபிள் சரி, எண்ணியது நான், அவனை அவசரப்படுத்தி ஓகே போட வைத்ததும் நான் என்று எல்லாவற்றையும் எழுதினேன்.

மறுநாள்தான் எழுதினேன், முந்தின நாள் இல்லை. கவனித்தீர்களா? நானும் கவனித்தேன்.

பதில் இரண்டு வரி. அந்தச் சம்பவம் முடித்து வைக்கப்பட்டுவிட்டது. அம்பத்தூர்ப் பெட்டியும் அகற்றப்பட்டுவிட்டதால் அங்கே நேரில் ஆள் தேவையில்லை. தகவலுக்கு நன்றி.

என்னை யாரும் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

7

மே மாதம் ஊருக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. நெமிலிச்சேரியில் செல்வத்தின் வீட்டில் அவன் மனைவி வாசலோடு நிறுத்தி, “திருவேற்காட்டுல வண்டி ஓட்றாரு, போய் பாருங்க,” என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

திருவேற்காட்டில் பூந்தமல்லி போகிற ஷேர் வேன்கள் வரிசையில் நின்றன. மூன்றாவது வண்டிப் படியில் நின்றுகொண்டு அவன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் குதித்து ஓடி வந்தான்.

“இன்னா மாமே! சொல்லாம கொள்ளாம வந்துகீற! வா வா, முன்னாடி குந்து.” வண்டியில் இருந்தவர்களிடம் திரும்பி, “நம்ம ஃபிரண்டு, ஃபாரின்ல கீறாரு,” என்றான். ஒரு கிழவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

வழி முழுக்க அவனே பேசினான். ஆதிரை என்ன படிக்கிறாள், சுமதிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது, அங்கே இன்னும் பனி கொட்டுகிறதா. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வியர்த்து ஊற்றியது. வெயில் மட்டும் காரணம் இல்லை.

பூந்தமல்லியில் எல்லாரும் இறங்கினார்கள். அவன் வண்டியைத் திருப்பி நிறுத்தி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

“செல்வம், அன்னிக்கு நீதான் சரி. நான் இந்து காலேஜை விட்டுட்டேன்.”

அவன் சிரித்தான். “எனக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரியும் மாமே. ஊட்டுக்கு போறேன், ரயிலு இந்து காலேஜ்ல நிக்குது. அடப்பாவி, இத்த வுட்டுட்டானேன்னு தலைல கை வெச்சுகினு குந்திட்டேன்.”

“அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“சொன்னேன். உன் ரிப்போர்ட்ட காட்டி, ஓகே போட்டியா இல்லியான்னு கேட்டாங்கோ. போட்டது என் கைதானே? அப்பால இன்னாத்த பேசறது?” ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தான். “உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. பதிமூணு வருசமா எங்கியோ கீற, மறந்துட்ட. மறக்கறது தப்பா? என் ஊட்டுக்காரிதான் உன்ன திட்டிகினே கீறா. நான் சொல்வேன், அவனுக்கு இன்னும் தெரியாதுடி, தெரிஞ்சிருந்தா அப்டி எழுதியிருக்க மாட்டான்னு.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவன் எனக்காகத் திறந்து வைத்திருந்த கதவு அது. ஆனால் நான் வந்ததே முழுசாகச் சொல்லத்தான்.

“தெரியும் செல்வம். எனக்கும் அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்.”

“எத்து?”

“விட்டது இந்து காலேஜுன்னு. ஆதிரை எண்ணிக் காட்டினா. அதுக்கு மறுநாள்தான் ரிப்போர்ட் எழுதினேன்.”

அவன் கை ஸ்டியரிங் மேலேயே நின்றது. “தெரிஞ்சேதான் எழுதினியா?”

“ஆமா.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூக்கூடையோடு ஒரு அம்மாள் வந்து, “திருவேற்காடு போவுமாப்பா?” என்று கேட்டாள்.

“போவும்மா, ஏறு,” என்றான். பிறகு கையை நீட்டி, என் பக்கத்துக் கதவை உள்ளிருந்தே திறந்து விட்டான்.

“எறங்குங்க சார். முன் சீட்டுக்கு ஆள் வருது.”